செய்யற்க, செய்யேல், செய்யாதீங்க: தமிழ் "கூடாது" சொன்ன கதை

கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர் வழியாக சேரங்கோடு பக்கம் போகும் அரசு பஸ்ஸில் ஏறினால், ஜன்னலுக்கு மேலே அந்தப் பழைய வாசகம் இருக்கும். "கரம், சிரம், புறம் நீட்டாதீர்". தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எல்லோருக்கும் இது மனப்பாடம். ஆனால் அதே பஸ்ஸில் ஒரு பெரியவர் கையை வெளியே நீட்டினால் கண்டக்டர் "நீட்டாதீர்" என்று சொல்ல மாட்டார். "ஐயா, கைய வெளிய நீட்டாதீங்க" என்பார். ஜன்னலோர சீட்டில் இருக்கும் பையனிடம் அவன் அம்மா "நீட்டாதடா" என்பார். ஆக ஒரே தடை, ஒரே பஸ், மூன்று வடிவங்கள்!

"செய்" என்று சொல்வது எல்லா மொழியிலும் எளிது. பெரும்பாலும் வினையின் மிகச் சிறிய வடிவமே கட்டளையாகிவிடும். வா, போ, நில், உட்கார்... அவ்வளவுதான். "செய்யாதே" என்று சொல்வதுதான் சிக்கல். அதற்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. தமிழோ ஒரு வழியோடு நிற்கவில்லை. இரண்டாயிரம் வருடத்தில் பல வழிகளை உருவாக்கி, சிலவற்றைக் கைவிட்டு, சிலவற்றைப் போர்டில் மட்டும் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஸ்பானிஷ்

தமிழைப் புரிந்துகொள்ள கொஞ்சம் தூரம் போய் வருவது நல்லது. ஸ்பானிஷ் மொழியில் வினைகள் ஆர், ஏர், இர் என்று மூன்று முடிவுகளில் வரும். "அப்லார்" என்றால் பேசுவது. நண்பனிடம் "பேசு" என்று சொல்ல "அப்லா" போதும். அப்படியானால் "பேசாதே" என்பதற்கு முன்னால் ஒரு "நோ" போட்டு "நோ அப்லா" என்று சொல்லிவிடலாமா? முடியாது, அது தப்பு. "நோ அப்லெஸ்" என்றுதான் சொல்ல வேண்டும். "ஆ" இருந்த இடத்தில் "எ" வந்துவிட்டது.

"கொமேர்" என்றால் சாப்பிடுவது. "சாப்பிடு" என்பது "கொமே". "சாப்பிடாதே" என்பது "நோ கொமாஸ்". இங்கே "ஏ" போய் "ஆ" வந்துவிட்டது. "எஸ்கிரிபிர்" என்றால் எழுதுவது. "எழுது" என்றால் "எஸ்கிரிபே", "எழுதாதே" என்றால் "நோ எஸ்கிரிபாஸ்". விதி ரொம்ப சிம்பிள். ஆர் வினைக்கு எ, மற்ற இரண்டுக்கும் ஆ. ஒழுங்கான வினைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஏன் இந்த மாற்றம்? "நோ அப்லெஸ்" என்பதில் இருப்பது கட்டளை வடிவமே இல்லை. "இப்படி நடக்கட்டும்", "இப்படி நடந்தால் நல்லது" என்று விருப்பத்தைச் சொல்லும் வேறொரு வடிவம் அது. தடை சொல்லும்போது ஸ்பானிஷ் நேரடிக் கட்டளையை விட்டுவிட்டு விருப்ப வடிவத்துக்குப் போய்விடுகிறது. மரியாதையாக ஒருவரிடம் "பேசுங்கள்" என்று சொல்லும்போதும் இதே விருப்ப வடிவம்தான்: "அப்லே". தடைக்கும் மரியாதைக்கும் ஒரே கதவு. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு தமிழுக்கு வருவோம்.

"இல்லை" எங்கே இருக்கிறது?

ஸ்பானிஷில் "நோ" என்ற சொல் வினைக்கு வெளியே தனியாக நிற்கிறது. லத்தீனில் "நே", சமஸ்கிருதத்தில் "மா" என்று தடைக்கென்றே தனிச் சொற்கள் இருந்தன. தமிழில் "செய்யாதே" என்ற சொல்லில் "இல்லை"யைப் பிரித்து வெளியே எடுக்க முடியாது. அது வினையின் வயிற்றுக்குள் இருக்கிறது. செய், அதன் பிறகு மறுப்பைச் சொல்லும் "ஆத்", கடைசியில் "ஏ".

1856ஆம் ஆண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் கவனித்த முக்கியமான விஷயங்களில் இதுவும் ஒன்று. வினைக்கு உள்ளேயே மறுப்பு அமைவதை, திராவிட மொழிகளை சமஸ்கிருதத்திலிருந்து வேறுபடுத்தும் குணங்களில் ஒன்றாக அவர் எடுத்துக் காட்டினார்.

இன்றைய தமிழில் இதற்கான விதியும் ஸ்பானிஷ் விதி மாதிரி சுலபம். "செய்ய", "வர", "படிக்க" என்று "அ"வில் முடியும் எச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி "அ"வை நீக்கிவிட்டு "ஆதே" சேருங்கள். படிக்க, படிக்காதே. வர, வராதே. நிற்க, நிற்காதே. சொல்ல, சொல்லாதே. "வா" என்பது "வந்தான்", "வருவான்" என்று பல வேஷம் போடும் வினைதான். ஆனால் தடை சொல்லும்போது மட்டும் அதுவும் சமர்த்தாக வரிசையில் நிற்கிறது.

இந்த ஒழுங்கு முழுவதும் பழையது அல்ல. "நில்லாதே", "கேளாதே", "படியாதே" என்று வேர்ச்சொல்லிலிருந்தே நேராகக் கட்டுவதுதான் பழைய முறை. யாழ்ப்பாணத் தமிழில் "நில்லாதை", "கேளாதை" என்று அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பழைய தமிழில் எத்தனை வகை!

சங்கத் தமிழில் ஒருவரைப் பார்த்து "செய்யாதே" என்று சொல்ல "செய்யல்" என்று "அல்" சேர்த்தார்கள். பலரைப் பார்த்துச் சொல்ல "செய்யன்மின்". "செய்யாதி" என்றும் ஒரு வடிவம் இருந்தது. இன்றைய "ஆதே" இந்த "ஆதி"யின் நெருங்கிய உறவு. "அஞ்சல்", "அஞ்சேல்" என்றால் பயப்படாதே. கோயில் சிலைகளில் உள்ளங்கையை நம் பக்கம் காட்டி நிற்கும் அபய முத்திரையின் பொருளும் இதுவே. வாய் திறக்காமல் கையாலேயே சொல்லப்படும் எதிர்மறைக் கட்டளை!

இவை போக இன்னொன்றும் இருந்தது: "செய்யற்க". இது நேருக்கு நேர் போடும் உத்தரவு இல்லை. "வாழ்க", "வருக" என்பதன் எதிர்ப்பக்கம். இலக்கணத்தில் இதற்கு வியங்கோள் என்று பெயர். வாழ்த்து, சாபம், வேண்டுகோள், விதி எல்லாம் இதற்குள் வரும். திருக்குறளில் "அற்க" என்று முடியும் சொற்கள் நிறைய உண்டு. பழைய கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியிலும் "அறம் மறவற்க" என்ற தொடரைப் பார்க்கலாம். நிலம் கொடுத்தவன், விளக்கு எரிக்கப் பணம் வைத்தவன் என எவருடைய தர்மமாக இருந்தாலும், பின்னால் வருகிறவர்கள் அதை மறந்துவிடக் கூடாது என்பது அதன் பொருள்.

அந்தக் கல்வெட்டு யாரிடம் பேசுகிறது என்று யோசித்துப் பாருங்கள். இன்னும் பிறக்காதவர்களிடம். எதிரில் ஆள் இல்லாதபோது "மறக்காதே" என்று விரலை நீட்டிச் சொல்ல முடியாது. "மறக்காமல் இருக்கட்டும்" என்றுதான் சொல்ல முடியும்.

தொல்காப்பியம் சொல்வதும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைக்காது என்பது அதன் விதி. அதாவது எதிரில் இருக்கும் "நீ"க்கு அது உரியதில்லை, படர்க்கைக்கே உரியது. ஆனால் பல நூற்றாண்டு கழித்து, 13ஆம் நூற்றாண்டை ஒட்டி பவணந்தி முனிவர் நன்னூல் எழுதியபோது விதி மாறிவிட்டது. வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் வரும் என்று அவர் எழுதினார்.

இது சின்ன இலக்கண மாற்றம் போலத் தெரியலாம். ஆனால் நடந்தது என்னவென்றால், விருப்ப வடிவம் நேரடிக் கட்டளையின் இடத்துக்குள் நுழைந்துவிட்டது. ஸ்பானிஷில் பார்த்த அதே நகர்வு! ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள். எதிரில் இருப்பவரை நேராகத் தடுப்பது சங்கடமாக இருந்த இடத்தில், இரண்டுமே "இப்படி நடக்கட்டும்" என்ற வடிவத்தைக் கையில் எடுத்திருக்கின்றன.

திண்ணைப் பள்ளியின் இரண்டு குரல்கள்

தடை சொல்வதையே வேலையாகக் கொண்ட நூல்கள் தமிழில் உண்டு. அவை குழந்தைகளுக்கான நீதி நூல்கள். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று ஔவையாரின் ஆத்திசூடி. (இவர் சங்க கால ஔவையார் அல்ல, பிற்காலத்தவர்.) 109 சின்னச் சின்ன வரிகள். இதில் தடைகள் பெரும்பாலும் "ஏல்" என்று முடியும். சுருக்கம், வேகம், கண்டிப்பு. ஒரு சுத்தியல் அடி மாதிரி.

இன்னொன்று உலகநாதர் எழுதிய உலகநீதி. 13 பாடல்கள். இதிலும் வரிக்கு வரி தடைகள்தான். ஆனால் ஒரு "ஏல்" கிடையாது. எல்லாமே "வேண்டாம்". எதைச் செய்ய வேண்டாம், யாரோடு சேர வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போகும்.

இரண்டும் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தவை. ஆனால் குரல் வேறு. "ஏல்" பிள்ளைக்கு உத்தரவு போடுகிறது. "வேண்டாம்" பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறது. காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. "வேண்டு" என்றால் விரும்பு, தேவைப்படு. "வேண்டாம்" என்றால் முதல் பொருள் "தேவையில்லை" என்பதுதான். "செய்யத் தேவையில்லை" என்று மென்மையாக ஆரம்பித்தது, நாளடைவில் "செய்யாதே" என்ற வேலையையும் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"கூடாது" என்பதன் கதையும் இதுதான். "கூடும்" என்றால் முடியும், இயலும். "கூடாது" என்றால் இயலாது. "இது நடக்க முடியாத காரியம்" என்று சொல்லியே "இது செய்யத் தகாத காரியம்" என்று உணர்த்திவிட்டார்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு. "கூடாது" என்ற சொல்லில் நீ, நீர், நீங்கள் எதுவும் கிடையாது. யாருக்குச் சொல்கிறோம் என்பதைக் காட்டாமலே சொல்லிவிடலாம். ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி போர்டுகள் எல்லாம் "கூடாது" மேல் பிரியமாக இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

பாரதியாரும் புதிய ஆத்திசூடி எழுதினார். அவர் "ஏல்" வடிவத்தை விட்டுவிடவில்லை. ஆனால் கூடவே "தவிர்" மாதிரியான வினைகளையும் பயன்படுத்தினார். இது எதிர்மறை வடிவமே இல்லை, நேர்க் கட்டளை. ஒன்றைச் செய்யாமல் இருப்பதையே ஒரு செயலாக மாற்றிச் சொல்லும் தந்திரம் இது.

கடல் கடந்து வந்த மாணவர்கள்

இத்தனை வடிவங்களையும் வெளியிலிருந்து வந்து கற்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1540களில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், 1549 வாக்கில் தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் ஒரு இலக்கணம் எழுதினார். 1578ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும் அவர் தந்ததுதான். போர்த்துகீசியம் ஸ்பானிஷின் தங்கை மாதிரி. அங்கேயும் தடை சொல்ல வினையின் உயிரெழுத்து மாறும், வெளியே ஒரு மறுப்புச் சொல் நிற்கும். அதில் பேசி வளர்ந்தவர், மறுப்பை வினைக்குள்ளேயே விழுங்கிய ஒரு மொழியைக் கடற்கரை மக்களின் பேச்சைக் கேட்டுக் கற்றார்.

18ஆம் நூற்றாண்டில் வந்த இத்தாலியர் பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஒரு இலக்கணம், பேச்சுத் தமிழான கொடுந்தமிழுக்கு ஒரு இலக்கணம் என்று தனித்தனியாக எழுதினார். புத்தகத் தமிழும் வாய்த் தமிழும் அவ்வளவு தூரம் பிரிந்திருந்தன.

இவர்கள் தமிழைப் படித்தது மக்களோடு பேசவும் மதத்தைப் பரப்பவும். இன்னொரு கூட்டம் தமிழைப் படித்தது வேலை வாங்க.

"இங்கே வா"

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான மக்கள் இலங்கையின் மலைநாட்டுக்குப் போனார்கள். முதலில் காபித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். அங்கே இருந்த வெள்ளைக்கார துரைமார் தமிழ் கற்பதற்காகச் சின்னக் கைப்புத்தகங்கள் அச்சாயின. அதில் ஒன்றின் பெயர் "இங்கே வா". இன்னொன்றின் பெயர் "கூலித் தமிழ்".

முதல் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு மொழியைக் கற்பிக்கும் புத்தகத்துக்குப் பெயர் "வணக்கம்" இல்லை, "வாங்க" இல்லை, "வா". ஏவல் ஒருமை. அந்த இரண்டு சொல்லிலேயே யார் நிற்கிறார், யார் ஓடி வர வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. "வா" என்று கூப்பிடுகிறவர் தடுக்கும்போதும் "செய்யாதே" என்றுதான் சொல்வார். "செய்யாதீங்க" அங்கே வர வழியில்லை. தாத்தா வயதுக்காரருக்கும் அதேதான்.

தமிழில் தடைக்கு இத்தனை வடிவங்கள் இருந்தது ஆட்களின் வயதையும் உறவையும் மதிப்பையும் பார்த்துப் பேசத்தான். அதில் ஒரே ஒரு படியை மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்றால், அது மொழி தெரியாததால் வந்த குறை மட்டும் அல்ல. எதிரில் இருப்பவர்களை ஒரே படியில் நிறுத்திவிட்டதால் வந்தது.

1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று எண்கள் பேசி முடிக்கப்பட்டன. மீதி 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள 1974ல் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. இப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் வளர்ந்தன. அதுதான் டேன்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். சேரங்கோடு, சேரம்பாடி, பந்தலூர் பகுதிகளில் தேயிலைக்கு நடுவே தெரியும் தோட்டக் குடியிருப்புகள் பல இந்த வரலாற்றைச் சேர்ந்தவை. "இங்கே வா" என்ற தலைப்பில் யாரைக் கூப்பிட்டார்களோ, அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு மலை, பல "வேண்டாம்"கள்

இவர்கள் வந்து சேர்ந்த இடமும் சாதாரண இடமில்லை. இந்தப் பகுதி 1877 வரை வயநாட்டோடு சேர்ந்திருந்தது. அந்த வருடம்தான் தென்கிழக்கு வயநாடு நீலகிரி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. கேரள எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகமும் தூரமில்லை. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக் குறும்பர் என்று பழங்குடி மக்களுக்குத் தனித்தனிப் பேச்சு உண்டு. இதற்கு நடுவில் மலையாளம், தமிழ் இரண்டும் கடைத்தெருவில் கலந்து ஓடும்.

இங்கே "போகாதே" என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் பாருங்கள். தமிழில் "போகாதீங்க", "போக வேண்டாம்". மலையாளத்தில் "போகருது", "போகண்ட", "போகல்லே". கன்னடத்தில் "ஹோகபேட".

தமிழின் "வேண்டாம்", மலையாளத்தின் "வேண்ட", கன்னடத்தின் "பேட" மூன்றும் ஒரே வேர். ஆனால் எடை வேறு. கன்னடத்தில் "ஹோகபேட" என்பதே சாதாரணமான "போகாதே". மலையாளத்தில் "போகண்ட" என்பதில் "போகத் தேவையில்லை" என்ற மென்மை அதிகம். கண்டிப்பான தடைக்கு "அருது" இருக்கிறது. தமிழ் "வேண்டாம்" இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. "போகல்லே" என்பதைக் கேட்டால் சங்கத் தமிழின் "அல்" நினைவுக்கு வரும்.

இது வெறும் மொழி ஆராய்ச்சி இல்லை. சேரங்கோடு பக்கம் யானை வரும் ஊர். விடியற்காலையில் தேயிலைக்குள் யானை நிற்கும்போது "அந்தப் பக்கம் போக வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அதை "போகத் தேவையில்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது! அந்த நேரத்தில் மென்மை உதவாது. "போகாதீங்க!" என்ற சொல்தான் ஆளை நிறுத்தும். பாருங்கள், "ஆத்" என்ற கடுமையும் "ஈங்க" என்ற மரியாதையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. தடுக்கவும் வேண்டும், ஆளை மதிக்கவும் வேண்டும் என்றால் தமிழில் இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

மறுபடியும் பஸ்ஸுக்கு

கடைசியாக அந்த ஜன்னல் வாசகத்துக்கு வருவோம். "நீட்டாதீர்" என்பதில் உள்ள "ஈர்" பழைய முன்னிலைப் பன்மை. "நீர்" என்று கூப்பிடும் பழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் போர்டில் மட்டும் அது உட்கார்ந்திருக்கிறது. "நீட்டாதே" என்றால் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு. "நீட்டாதீர்கள்" என்றால் கொஞ்சம் நீளம். "நீட்டாதீர்" பஸ்ஸில் ஏறும் யாருக்கும் பொருந்தும், யாரையும் குறைக்காது.

துரைமாரின் புத்தகம் எல்லோரையும் "நீ" என்று ஒரே படியில் நிறுத்தியது. அரசு பஸ்ஸும் எல்லோரையும் ஒரே படியில்தான் நிறுத்துகிறது. ஆனால் "நீர்" என்ற படியில். காலையில் வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளிக்கும், தோட்டத்து மேனேஜருக்கும், பள்ளிக்கூடம் போகும் பையனுக்கும் ஜன்னலுக்கு மேலே ஒரே "நீட்டாதீர்".

பையன் மட்டும் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அம்மாவின் "நீட்டாதடா"தான் சரி.